பசலி பிறக்கும் நாளில் நிரல் தரும் விடை: மேம்படுத்தப்பட்ட அலுவலகத் தரவுத்தளங்களின் நம்பகம்

1. கேள்வி

தமிழக வருவாய்த் துறையின் கணக்கு இன்றும் பசலி ஆண்டில் நடக்கிறது. ஜூலை 1இல் பிறந்து மறு ஆண்டு ஜூன் 30இல் முடியும் ஆண்டு அது. 2024 ஜூலை 1 அன்று பசலி 1434 பிறந்தது. ஆங்கிலத் தேதியிலிருந்து பசலியைக் கண்டுபிடிக்கும் விதி எளியது. ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால் ஆண்டிலிருந்து 590ஐக் கழிக்க வேண்டும்; ஜனவரி முதல் ஜூன் வரை என்றால் 591. பழகிய எழுத்தருக்கு இது மனப்பாடம். அவருடைய வேலையை எளிதாக்க ஒருவர் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளம் ஒன்றைச் செய்து கொடுத்தால், விதி இரண்டு வரி நிரலாக அதற்குள் போய்விடும். எழுத்தர் மாறுதலாகிப் போவார், செய்து கொடுத்தவரும் வேறு வேலைக்குப் போவார். விதி நிரலுக்குள் மட்டும் தங்கியிருக்கும்.

ஆபீஸ் 97இல் செய்த அந்தத் தரவுத்தளம் பிறகு 2003க்கும், அதன் பிறகு இன்றைய பதிப்புக்கும், ஒருவேளை எஸ்.க்யூ.எல். சர்வருக்கும் ஏற்றப்படுகிறது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அது முன்பு தந்த விடையையே இப்போதும் தருகிறதா? இந்த ஒரு கேள்வியைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது. சான்றுகள் இரண்டு வகை. ஒன்று, இம்மென்பொருள்களின் அறியப்பட்ட நடத்தை. மற்றொன்று, தாமிரபரணிப் படுகையின் நிர்வாக வரலாறு. மென்பொருள் கேள்விக்கு ஆற்றங்கரையின் வரலாறு எதற்கு என்று தோன்றலாம். அலுவலக நிரலுக்குள் இருப்பது பெரும்பாலும் அந்த ஊரின் விதிகளே என்பதால் அந்த வரலாறு இங்கே தேவைப்படுகிறது.

2. நடப்பில் உள்ள இரண்டு கருத்துகள்

முதல் கருத்து பயனர்களுடையது: புதிய பதிப்பில் திறந்தது, ஃபார்ம் வந்தது, ரிப்போர்ட் அச்சானது, ஆகவே எல்லாம் சரி. இரண்டாவது கருத்தைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவினரிடம் அதிகம் கேட்கலாம்: ஆபீஸ் கோப்புக்குள் பொதிந்த நிரலான மேக்ரோ என்பதே ஆபத்து, அதைத் தூக்கி எறிந்துவிட்டு இணையவழிச் செயலிக்கு மாறுவதே தீர்வு. இந்த இரண்டாவது கருத்துக்கு வலுவான நியாயம் உண்டு. ஆபீஸ் கோப்புகளின் மேக்ரோக்கள் வழியாகத் தீநிரல் பரவியது நீண்ட கதை. இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022இல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியதும் அதனால்தான்.

இரண்டு கருத்தும் ஒரே இடத்தில் குறைபடுகின்றன என்பது என் வாதம். முதலாவது, ஓடுவதையும் சரியாக ஓடுவதையும் ஒன்றாகக் கொள்கிறது. இரண்டாவது பாதுகாப்பைப் பேசுகிறது, விடையின் சரியைப் பேசவில்லை. மேக்ரோவை எறியும்போது அதற்குள் இருந்த ஊர் விதி எங்கே போகும் என்று அது கேட்பதில்லை.

3. கண்ணுக்குத் தெரியும் பழுதுகள்

மேம்படுத்தலில் உடனே தெரியும் பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்லி நகரலாம். ஆக்சஸ் 2000இல் புதிய தரவுத்தளங்கள் தரவை அணுகுவதற்கு டி.ஏ.ஓ. நூலகத்துக்குப் பதிலாக ஏ.டி.ஓ. நூலகத்தை இயல்பாகச் சுட்டின. இரண்டிலும் 'ரெக்கார்ட்செட்' என்ற பெயர் உண்டு என்பதால், பழைய நிரலைக் கொண்டுவந்து ஒட்டியவர்கள் வகைப் பொருத்தமின்மைப் பிழையைச் சந்தித்தார்கள். ஆபீஸ் 2010இன் 64 பிட் பதிப்பில், விண்டோஸ் செயற்கூறுகளை அழைக்கும் பழைய அறிவிப்பு வரிகள் திருத்தாமல் தொகுபடாது. அதே பதிப்பில் பழைய நாட்காட்டிக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. ஆக்சஸ் 2013 வந்தபோது 97ஆம் பதிப்புக் கோப்புகள் திறக்கவே மறுத்தன.

இவற்றுள் கொடியது எம்.டி.இ. கோப்பு. நிரலை யாரும் பார்க்கவோ மாற்றவோ கூடாது என்று மூல வரிகளை நீக்கிவிட்டுத் தொகுத்துத் தரப்படும் கோப்பு அது. மூல எம்.டி.பி. கோப்பு இல்லாமல் அதைப் புதிய பதிப்புக்கு மாற்ற வழியில்லை. சிறு அலுவலகங்கள் பணம் கொடுத்துச் செய்துகொண்ட மென்பொருளுக்கு மூலக்கோப்பைக் கேட்டு வாங்காமல் விட்ட வழக்கத்தின் விலை இங்கே தெரியும்.

ஆயினும் இவை எல்லாம் வேலையை நிறுத்திவிடும் பழுதுகள். நின்றுபோனால் யாரேனும் வந்து பார்ப்பார்கள். என் கவலை அடுத்த வகையைப் பற்றியது.

4. பேசாத பழுதுகள்

பசலிக்கே திரும்புவோம். ஆக்சஸின் எஸ்.க்யூ.எல். வரிக்குள் தேதியை எழுதினால், அதை முதலில் அமெரிக்க முறையில், அதாவது மாதம் முன், நாள் பின் என்றுதான் அது படிக்கும். கணினியின் வட்டார அமைப்பு எதுவாக இருந்தாலும் இதுவே விதி. ஆனால் நிரல் ஒரு தேதியைச் சரமாக்கி அந்த வரியில் ஒட்டும்போது, சரமாக்கும் வேலை வட்டார அமைப்பின்படி நடக்கிறது. பழைய கணினி நிறுவியபோது இருந்த அமெரிக்க அமைப்பிலேயே விடப்பட்டிருந்தால் இரண்டும் பொருந்தும், விடை சரியாக வரும். புதிய கணினியை யாரோ பொறுப்போடு இந்திய அமைப்புக்கு மாற்றி வைக்கிறார்கள். இப்போது 2024 ஜூன் 7 என்ற தேதி 07/06/2024 என்று ஒட்டப்படுகிறது. ஆக்சஸ் அதை ஜூலை 6 என்று படிக்கிறது. பசலி 1433இல் சேர வேண்டிய பதிவு 1434இல் விழுகிறது. ஜூன் 13க்கு இந்தக் கோளாறு வராது. பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் ஆக்சஸ் தானாகவே முறையை மாற்றிச் சரியாகப் படித்துவிடும். ஆகவே மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் விழும் பதிவுகளே தடம் மாறும். ஜூன் 20ஆம் தேதிப் பதிவை வைத்துச் சோதித்தவர் எல்லாம் சரி என்று கையெழுத்திடுவார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த பதிவு சரிதான்.

இதேபோன்றது இரண்டிலக்க ஆண்டு. பின்னால் வந்த விண்டோஸ் நூலகப் பதிப்பு 00 முதல் 29 வரை எழுதினால் 2000களாகவும், 30 முதல் 99 வரை எழுதினால் 1900களாகவும் கொண்டது. அதற்கு முந்தைய நூலகப் பதிப்பு, நடக்கும் நூற்றாண்டையே எடுத்துக்கொண்டது. 1928இல் பிறந்த முதியவரின் பிறந்த ஆண்டை 28 என்று உள்ளிட்டால், தொண்ணூறுகளின் பழைய நூலகம் 1928 என்றது. புதியது 2028 என்றது. ஆக்சஸ் அதே பதிப்பில் இருக்க, அடியில் உள்ள ஒரு நூலகக் கோப்பு மட்டும் வேறொரு மென்பொருளை நிறுவியபோது மாறியிருந்தாலும் விடை மாறும். நிரலின் நம்பகம் நிரலுக்குள் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

தரவுகளை எஸ்.க்யூ.எல். சர்வருக்கு மாற்றி, கணக்கீட்டையும் அங்கேயே செய்யத் தொடங்கும்போது எண்கணிதமே வேறாகிறது. ஆக்சஸின் நிரல்மொழியான வி.பி.ஏ.யின் முழுமையாக்கும் செயற்கூறு, சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும், 12.5 என்பது 12 ஆகும். சர்வரில் அது 13. வகுத்தலிலும் வேறுபாடு உண்டு. ஒரு மனையின் பரப்பு 150 சதுர மீட்டர் என்று முழு எண்ணாகப் பதிவாகியிருக்கிறது. 100ஆல் வகுத்து ஏர் கணக்கில் காட்ட வேண்டும். ஆக்சஸ் 1.5 என்று தரும். சர்வர் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்து 1 என்று தரும். மறைந்த அரை ஏர் என்பது 50 சதுர மீட்டர், ஏறத்தாழ ஒன்றேகால் சென்ட். பாளையங்கோட்டையில் ஒன்றேகால் சென்ட் என்ன விலை போகும் என்பதை ஊரார் அறிவார்கள். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது, ஏனெனில் இரண்டு மென்பொருளும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டன.

இந்த மௌனத்தை இன்னும் ஆழமாக்கும் வழக்கம் ஒன்று நிரலாளர்களிடம் உண்டு. பிழை வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ என்று செயற்கூறின் தலையிலேயே எழுதிவிடுவது. பயனரை மிரட்டாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு இது. மேம்படுத்தலுக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பழுதையும் இது மறைத்துவிடுகிறது.

பேசாத பழுது பெரிய நிறுவனங்களையும் விட்டதில்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2020 செப்டம்பர் இறுதியில் கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவக் கோப்பு வழியாக ஏற்றியது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளே கொள்ளும், மிஞ்சியவை விடுபட்டன. 15,841 தொற்றாளர்களின் பதிவுகள் உரிய நாட்களில் கணக்கில் வராமல் போயின. புதிய வடிவம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகளைத் தாங்கும் என்ற நிலையிலும், இடையில் இருந்த ஒரு பழைய படி எல்லாவற்றையும் கெடுத்தது.

5. தமிழ் எழுத்துகளின் தனிச் சிக்கல்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மேம்படுத்தல் கையேடுகளில் இந்தப் பகுதி இராது. தமிழில் தரவு வைத்திருக்கும் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் இதுவே தலையாயது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற 8 பிட் குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. அலுவலக நடப்பிலோ வானவில், பாமினி எனப் பல எழுத்துருக் குறியீடுகள் ஒரே நேரத்தில் புழங்கின. 2010 ஜூனில் யூனிகோடு அரசின் தரமாக ஆணையிடப்பட்டது; டேஸ் 16 மாற்றுத் தரமாக ஏற்கப்பட்டது. ஆக, இக்காலத்தைக் கடந்து வந்த தமிழ்த் தரவுத்தளம் ஒவ்வொன்றும் பதிப்பு மாற்றத்தோடு எழுத்து மாற்றத்தையும் கடந்தாக வேண்டியிருந்தது.

பழைய குறியீடுகளில் கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துகளும் நீட்டித்த குறிகளும்தான். தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டும் இருந்தது. அதனால் வி.பி.ஏ. நிரலுக்குள் வட்டத்தின் பெயரை எழுதி ஒப்பிட முடிந்தது; திரையில் அலங்கோலமாகத் தெரிந்தாலும் ஒப்பீடு வேலை செய்தது. தரவை யூனிகோடுக்கு மாற்றியவுடன் அட்டவணையில் உள்ள பெயர் உண்மையான தமிழாகிறது, நிரலில் உள்ள பெயர் பழைய குறிகளாகவே நிற்கிறது. ஒப்பீடு தோற்கும். ரிப்போர்ட்டில் வட்டத்துக்கு நேரே பூச்சியம் வரும். நிரலைத் திருத்தித் தமிழிலேயே எழுதலாம் என்றால், வி.பி.ஏ. தொகுப்பித் திரை யூனிகோடுக்கு முந்தைய முறையில் இயங்குவது. தட்டிய தமிழ் அங்கே கேள்விக்குறிகளாக விழும். பெயர்களை நிரலிலிருந்து வெளியே எடுத்து அட்டவணையில் வைப்பதே சரியான வழி.

பழைய குறியீடுகளில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டன. தென்காசியின் முதல் குறி ஒற்றைக்கொம்பு, சேரன்மகாதேவியின் முதல் குறி இரட்டைக்கொம்பு. அகரவரிசைப் பட்டியலுக்கு முதல் எழுத்தை எடுக்க நினைத்த நிரலாளர், கொம்பு முதலில் வந்தால் அடுத்த குறியை எடு என்று ஒரு திருத்தம் எழுதியிருப்பார். யூனிகோடில் மெய்க்குரிய எழுத்து முதலிலும் கொம்பு பின்னும் நிற்கின்றன. அந்தத் திருத்தம் இனி தேவையில்லை. ஆனால் நிரலில் கிடக்கும். குறிகளின் எண்ணிக்கையை வைத்துப் பெயரை வெட்டும் நிரல்களும் வேறு இடத்தில் வெட்டத் தொடங்கும்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் சிக்கல் முடிவதில்லை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்தின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம்; கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. குறியீடு குறியீடாக ஒப்பிடும் நிரலுக்கு இரண்டு ஊர்கள். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இருக்கும் ஸ்ரீவைகுண்டத்தின் நிலை இதைவிடச் சிக்கலானது. முதல் கூட்டெழுத்தை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டுகின்றன. திருவைகுண்டம் என்று எழுதுவோரும் உண்டு. பெயரை வைத்து அட்டவணைகளை இணைக்கும் க்யூரி இவற்றில் ஒன்றை மட்டும் பிடிக்கும். மற்றவை கூட்டுத்தொகையிலிருந்து காணாமற்போகும்.

6. மாவட்டம் பிரிந்தபோது

மென்பொருள் பதிப்பு மாறாமலே நிரல் பொய்யாகும் வழியும் உண்டு. 1986 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தூத்துக்குடிப் பகுதி பிரிந்து சிதம்பரனார் மாவட்டம் ஆனது. எஞ்சிய பகுதி நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் ஆனது. 1997இல் மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர் சூட்டும் வழக்கம் கைவிடப்பட்டு, தலைநகரப் பெயர்கள் திரும்பின. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஒரு தலைமுறைக்குள் ஒரே கிராமம், ஓர் அடி நகராமல், மூன்று மாவட்டப் பெயர்களைக் கண்டிருக்கிறது.

ஆற்றுக்கோ இந்த எல்லைகள் இல்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகளும் பதினொரு கால்வாய்களும் உள்ளன. தென்காசிப் பக்கத்திலிருந்து வரும் சிற்றாறு சீவலப்பேரி அருகே அதனோடு கலக்கிறது. பாசனக் கணக்கு கால்வாய்வாரியாகவும் வருவாய்க் கணக்கு கிராமவாரியாகவும் நடப்பதால், படுகை முழுவதற்குமான எந்தக் கூட்டுத்தொகையும் இன்று மூன்று மாவட்டப் பட்டியல்களை இணைத்தால்தான் கிடைக்கும். மாவட்டக் குறியீட்டை நிரலுக்குள் நிலையான எண்ணாக எழுதி வைத்திருந்தால், 2019க்குப் பிறகு எடுத்த ஆண்டுவாரி ஒப்பீட்டில் 'திருநெல்வேலி' திடீரென்று சுருங்கும். மழையோ சாகுபடியோ குறைந்ததாக அதைப் படிப்பவர் நினைக்கக்கூடும். பெயரை அடையாளமாக நம்புவதும் ஆபத்து. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டுச் சில நாட்களில் திரும்பப் பெற்றது. அந்தச் சில நாட்களில் யாரேனும் ஓர் அட்டவணையைத் திருத்தியிருந்தால், அது எந்த எழுத்துக்கூட்டலில் நிற்கிறது என்பதை அந்த அட்டவணை தானாகச் சொல்லாது.

7. காகிதக் காலத்து முன்னுதாரணம்

தரவுத்தள மேம்படுத்தலின் விளைவு எவ்வளவு நீளும் என்பதைக் காட்டும் சான்று தமிழகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தை மக்கள் யு.டி.ஆர். என்றே அறிவார்கள். பழைய பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. ஏக்கரும் சென்டும் ஹெக்டேரும் ஏருமாக மாறின. கணினி நுழையாத வேலை அது. ஆனாலும் அமைப்பில் அது தரவுத்தள மாற்றமேதான்: பழைய புலங்களிலிருந்து புதிய புலங்களுக்கு, ஒரு விதிப்படி, பல்லாயிரம் கைகள் பதிவுகளைப் பெயர்த்து எழுதின. பெயர் விடுபட்டது, பரப்பு குறைந்தது, உட்பிரிவு மாறியது என்ற புகார்கள் நாற்பதாண்டு கழிந்தும் யு.டி.ஆர். திருத்த மனுக்களாக மாவட்ட வருவாய் அலுவலர் முன் வருகின்றன. அந்தப் பதிவேடுகளே பிறகு கணினிக்குள் ஏறின. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய தமிழ் நிலம் மென்பொருளும் இணையவழிப் பட்டாவும் பெற்ற பயன் பெரியது. தாலுகா அலுவலக வாசலில் காத்துக் கிடந்த காலத்தை அறிந்தவர்கள் அதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆனால் இணையத்துக்கு மாறியதால் மட்டும் பழைய பெயர்ப்புப் பிழை திருந்திவிடவில்லை. அது அச்செழுத்தில், கியூ.ஆர். குறியோடு, இன்னும் அதிகாரம் பெற்றதாகத் தோன்றுகிறது. மேக்ரோவை எறிந்துவிட்டால் போதும் என்ற கருத்துக்கு என் முக்கிய மறுப்பு இதுவே.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய 'அ' பதிவேடு இருக்கும் இடங்களில் யு.டி.ஆர். பிழையை இன்றும் நிறுவ முடிகிறது, ஏனெனில் மூலம் அழிக்கப்படவில்லை. ஆக்சஸ் மேம்படுத்தலில் பழைய கோப்பின் மேலேயே புதியதைச் சேமித்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. ஒப்பிட மூலமே இல்லாமல் போகிறது.

8. சான்றளிப்பவர் யார்

இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தருபவர் கணினி உரிய காலத்தில் முறையாக இயங்கியது என்பதற்குச் சான்றிதழ் தர வேண்டும் என்றது. 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் கட்டாயத்தை உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, நிபுணரின் பகுதியையும் ஹேஷ் மதிப்பையும் சான்றிதழில் சேர்த்தது. கோப்பு திருத்தப்படவில்லை என்பதை ஹேஷ் மதிப்பு உறுதிசெய்யும். ஜூன் 7ஐ ஜூலை 6 என்று படித்த ரிப்போர்ட்டுக்கும் குறையற்ற ஹேஷ் மதிப்பு கிடைக்கும்.

கணினி சரியாகவே இயங்கும் என்ற முன்முடிவு மனிதர்களை என்ன செய்யும் என்பதை பிரிட்டன் அஞ்சலகங்களின் ஹொரைசன் வழக்கு காட்டியது. 1999 முதல் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் கணக்கு மென்பொருள் காட்டிய குறைகளை நம்பி 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2024இல் தனிச் சட்டம் இயற்றித்தான் அத்தீர்ப்புகளில் பலவற்றை ரத்துசெய்ய முடிந்தது. பிழையை நிறுவும் சுமை, மென்பொருளின் உள்ளே எட்டிப் பார்க்கவும் வழியில்லாதவர் மேல் வைக்கப்பட்டது. கணினிச் சிட்டாவில் தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டு மனு எழுதும் உழவரின் நிலையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

9. எதை வைத்துச் சோதிப்பது

சிறிய அலுவலகத்துக்கு இத்தனையையும் பார்க்க ஆளும் பணமும் ஏது என்ற மறுப்பு நியாயமானது. எனினும் இதற்குத் தேவை பெரிய ஏற்பாடு அல்ல. பழைய கோப்பைத் தொடாமல் ஒரு படி எடுத்து, அது ஓடிய கணினியையோ அதே அமைப்புள்ள ஒன்றையோ சில மாதங்கள் வைத்திருப்பது முதல் தேவை. பிறகு கடினமான பதிவுகளைத் தேர்ந்தெடுத்து இரண்டிலும் ஓட்டி விடைகளை ஒப்பிட வேண்டும். எவை கடினமானவை என்பதை ஊர் அறிந்தவர்தான் சொல்ல முடியும்: ஜூன் முதல் வாரத்துத் தேதியும் ஜூலை முதல் வாரத்துத் தேதியும், சரிபாதியில் நிற்கும் சென்ட், 1930க்கு முன் பிறந்தவர், ஸ்ரீவைகுண்டமும் கொக்கிரகுளமும், 2019இல் தென்காசிக்குப் போன ஒரு கிராமம், வெறுமையாக விட்ட ஒரு புலம். தற்செயலாக எடுத்த ஆயிரம் பதிவுகளைவிட இப்படிப் பொறுக்கி எடுத்த முப்பது பதிவுகள் அதிகம் சொல்லும் என்பது என் மதிப்பீடு. ஏனெனில் பேசாத பழுதுகள் எல்லாம் ஓரங்களிலேயே வாழ்கின்றன.

விடைகள் வேறுபட்டால் புதியதே சரி என்று கொள்ளவும் கூடாது. பழைய நிரல் இருபதாண்டு தவறாகவே கூட்டியிருக்கலாம். அப்போது மூன்றாவது நடுவர் ஒருவர் வேண்டும்: தாளில், தமிழில், எழுதி வைத்த விதி. பசலிக்கு 590, 591 கணக்கும், முழுமையாக்கும் முறையும், ஊர்ப்பெயர்ப் பட்டியலும் நிரலுக்கு வெளியே ஒரு கோப்பில் இருக்க வேண்டும்; எழுதியவர் பெயரும் தேதியும் அதில் இருக்க வேண்டும். வருவாய்த் துறைக்கு இந்த ஒப்பீட்டுக்கான நாளும் ஏற்கெனவே இருக்கிறது. பசலி முடியும் தறுவாயில் ஆண்டுதோறும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் மேசைக்கு வருகின்றன. புதிய பதிப்புக்கு மாறிய ஆண்டில், பழைய கோப்பும் புதிய கோப்பும் தந்த இரண்டு ரிப்போர்ட்டுகளையும் அந்த மேசையில் அருகருகே வைத்து, வேறுபடும் வரிகளைச் சிவப்பு மையில் குறித்துக் கையெழுத்திடும்படி துறை ஒரு சுற்றறிக்கையில் சொல்லிவிடலாம்.